தி ஹான்டிங் (1963): தட்டுவது யாரென்று சொல்லாத படம்

பேய்ப் படம் பார்க்கலாம் என்று கூப்பிட்டால் என்னோடு வேலை பார்க்கிற நர்ஸுகள் சிரிப்பார்கள். நடுராத்திரியில் விளக்கைக் குறைத்துவிட்ட வார்டுக்குள் டார்ச்சும் கையுமாக நடக்கிறவர்களை ஒரு படம் எப்படிப் பயமுறுத்தும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். முகமெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு திடீரென்று திரைக்குள் பாய்கிற பேய்களைப் பார்த்தால் எனக்கும் கொட்டாவிதான் வரும். ரத்தத்தைக் காட்டி என்னை மிரட்ட முடியாது, அது என் வேலையில் ஒரு பகுதி. இருந்தும் ஒரே ஒரு படம் என்னிடம் ஜெயித்துக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் படுத்தால் காது தானாகச் சுவர்ப் பக்கம் போகும். ராபர்ட் வைஸ் இயக்கி 1963-இல் வெளிவந்த ‘தி ஹான்டிங்’ அது.

கருப்பு வெள்ளைப் படம், 112 நிமிடம். அதில் பேய் ஒரு தடவைகூட உருவமாக வருவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கும், ஒரு இடத்தில் மட்டும் குளிர் அடிக்கும், ஒரு கதவு வளையும், அவ்வளவுதான். வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதற்குள் எத்தனையோ பேய்ப் படங்களுடைய ஒப்பனையும் பொம்மையும் கிராபிக்ஸும் பழசாகிச் சிரிப்புக்கு இடமாகிவிட்டன. இதில் பழசாவதற்கு எதையுமே காட்டவில்லை என்பது பாதிக் காரணம். மீதிப் பாதிக்குப் பெயர் எலினார்.

கதை சின்னது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஹில் ஹவுஸ் என்று தொண்ணூறு வருஷப் பழைய மாளிகை. கட்டியவனுடைய முதல் மனைவி, வீட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே வாசல் பாதையில் குதிரை வண்டி மரத்தில் மோதிச் செத்துப்போனாள். இரண்டாவது மனைவி மாடிப்படியில் விழுந்து செத்தாள். மகள் அபிகேல் குழந்தையாக இருந்த அதே அறையில் கிழவியாகிப் படுக்கையில் விழுந்தாள். ஒரு ராத்திரி துணைக்கு இருந்த பெண்ணைக் கூப்பிடக் கைத்தடியால் சுவரைத் தட்டினாள். அந்தப் பெண் வராந்தாவில் வேறு ஒருவனோடு இருந்தாள். கிழவி தட்டித் தட்டியே உயிரை விட்டாள். இந்த முன்கதை முழுவதையும் படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே மளமளவென்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அமானுஷ்யத்தை ஆராய வரும் டாக்டர் மார்க்வே, கூட இருக்கச் சிலரை அழைக்கிறார். அப்படி வருகிறவர்களில் ஒருத்தி எலினார்.

வயது வந்த நாளிலிருந்து நோயாளித் தாயைக் கவனித்துக்கொண்டதைத் தவிர எலினாருக்கு வாழ்க்கை என்று வேறு எதுவும் இருந்ததில்லை. அம்மா சமீபத்தில்தான் இறந்திருக்கிறாள். இப்போது அக்கா வீட்டில் கூடத்து சோபாதான் படுக்கை. காருக்குப் பாதிப் பணம் இவளும் கொடுத்திருக்கிறாள், ஆனால் எடுத்துப் போகிறேன் என்றால் அக்கா விடமாட்டாள். திருட்டுத்தனமாகத் தன் பாதிக் காரை எடுத்துக்கொண்டுதான் இவள் அந்த மாளிகைக்குக் கிளம்புகிறாள். போகிற வழியெல்லாம் இவள் மனசுக்குள் பேசிக்கொண்டே போவதைக் கேட்கிறோம். சாபம் பிடித்த வீட்டுக்குப் போகிற பெண், லீவுக்குப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருக்கிறாள். எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பிப்பது அந்த இடத்திலேயே. வேறு போக்கிடம் இருக்கிற ஒருத்திக்கு அந்தச் சந்தோஷம் வராது.

எலினாருடைய அம்மாவும் சுவரைத் தட்டித்தான் இவளைக் கூப்பிடுவாள். இறந்த ராத்திரியும் தட்டினாள். அன்றைக்கு மட்டும் இவள் போகவில்லை. தூக்கத்தில் காதில் விழவில்லையா, விழுந்தும் திரும்பிப் படுத்துவிட்டாளா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் படத்தை எழுதியவர்களுக்கு நான் கும்பிடு போடுவேன். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களைப் பல மாசம் கவனித்துக்கொண்ட மகள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நோயாளி இறந்து, எல்லாம் முடிந்து, ஏதோ காகிதம் வாங்குவதற்காக ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வருவார்கள். கவுண்டரில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே யாரோ ஒரு நோயாளி பெல்லை அடிப்பார். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு உடம்பு அந்தப் பக்கம் திரும்பும். ஒரு கால் முன்னால்கூட வந்துவிடும். பிறகுதான் ஞாபகம் வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் அந்த முகத்தை நான் பார்க்காதது போல இருந்துவிடுவேன். கூடவே அவர்களுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்: கடைசி நேரத்தில் கூப்பிட்டிருப்பாளோ, நான் தூங்கியிருப்பேனோ. வெளியில் கேட்கமாட்டார்கள். சிலர் கேட்டும் இருக்கிறார்கள்.

ஹில் ஹவுஸில் முதல் ராத்திரி சுவர் அதிரத் தட்டும் சத்தம் கேட்கிறது. தூக்கக் கலக்கத்தில் எலினார் சொல்கிற முதல் வார்த்தை, ‘சரிம்மா, வந்துட்டேன்’ என்பதுதான். அலறலோ ஓட்டமோ அப்புறம்தான். எலினாராக வரும் ஜூலி ஹாரிஸ் அந்த வசனத்தைச் சொல்கிற விதத்தைக் கவனியுங்கள். பயம் துளியும் இல்லாத குரல். சலிப்பும் கடமையும் மட்டும்தான் இருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து, இவளைப் போலவே டாக்டர் அழைத்து வந்திருக்கும் தியோ கூப்பிடும்போதுதான் அம்மா இல்லை என்பது அவளுக்கு உறைக்கிறது. அப்படியானால் தட்டுவது யார்? எங்களுக்கும் அவளுக்கும் ஒரே சமயத்தில் அந்தக் கேள்வி வருகிறது.

அதற்கப்புறம் வரும் சில நிமிடங்களை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் பழகவில்லை. இரண்டு பெண்களும் ஒரே கட்டிலில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அறையில் குளிர். சத்தம் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தேடிக்கொண்டு வருகிறது. இவர்கள் கதவுக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. கேமரா கதவின் கைப்பிடிக்கு மிக அருகில் போகிறது. சிற்ப வேலைப்பாடு நிறைந்த பழைய பித்தளைக் குமிழ் மாதிரியான கைப்பிடி அது. மெதுவாக அசைகிறது. பிறகு ஒரு சிறுமியின் சிரிப்புச் சத்தம். முடிந்தது. டாக்டரும் வீட்டு வாரிசான லூக்கும் அந்த நேரம் பார்த்து நாய் போலத் தெரிந்த எதையோ துரத்திக்கொண்டு தோட்டத்தில் ஓடியிருக்கிறார்கள். அவர்கள் காதில் ஒரு சத்தமும் விழவில்லை. இதை எலினாரின் மனப்பிராந்தி என்று ஒதுக்கவும் முடியாது, தியோவும் கேட்டிருக்கிறாளே. வீடுதான் செய்தது என்று முடிவு கட்டவும் மனசு வராது, அந்தத் தட்டல் இவளுக்கென்றே அளவெடுத்து வைத்த தட்டலாக இருக்கிறதே.

வைஸ் எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்தால் இது ஆச்சரியமாக இருக்காது. ஆர்கேஓ ஸ்டூடியோவில் ஒலித் தொகுப்பில் தொழில் பழகியவர். பிறகு படத் தொகுப்பாளரானார், 1941-இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ அவர் தொகுத்ததுதான். இயக்குநராக அவருக்கு வாய்ப்புக் கொடுத்தவர் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளர். கையில் காசு இல்லாததால், பயத்தைக் காட்டாமல் நிழலிலும் சத்தத்திலும் ஒளித்து வைத்தே படம் எடுத்தவர் அவர். இருபது வருஷம் கழித்துச் சிஷ்யன் செலுத்திய குருதட்சிணை இந்தப் படம். ஹில் ஹவுஸின் சத்தங்களை முன்கூட்டியே பதிவு செய்து, படப்பிடிப்பின்போதே நடிகர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஹாரிஸும் தியோவாக வரும் க்ளேர் ப்ளூமும் கட்டிலில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறார்களே, அது நிஜமாகக் காதில் விழுகிற ஒன்றைப் பார்க்கிற பார்வை. ‘இங்கே சத்தம் வரும், பயந்துக்குங்க’ என்று சொல்லி வாங்கியிருந்தால் அந்தக் கண் கிடைத்திருக்காது.

படமாக்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். வைஸுக்கு வீடு கோணல்மாணலாகத் தெரிய வேண்டும், அதற்கு மிக அகலமான லென்ஸ் தேவை. பானாவிஷன் நிறுவனத்தில் அப்போது ஒரு 30 எம்எம் லென்ஸ் சோதனையில் இருந்தது. ஓரங்களில் நேர்கோடு வளைகிறது, அதனால் இன்னும் வெளியே கொடுக்க முடியாது என்றார்கள். வளைவதுதான் எனக்கு வேண்டும் என்று கேட்டு, குறை இருப்பது தெரிந்தே வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தார். ஹில் ஹவுஸில் ஒரு மூலைகூடச் சரியான செங்கோணம் கிடையாது, அதனால்தான் கதவுகள் தானாகச் சாத்திக்கொள்கின்றன என்று கதையில் டாக்டர் விளக்குவார். லென்ஸ் அதை நம் கண்ணுக்குள்ளேயே செய்துவிடுகிறது. காரணம் புரியாமலே நமக்குத் தலை சுற்றும்.

வெளித்தோற்றத்துக்கு இங்கிலாந்தில் உள்ள எட்டிங்டன் பார்க் மாளிகையைப் பிடித்தார்கள். அதை அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்ததால் பட்டப் பகலிலும் வானம் கறுத்துக் கிடக்கிறது, கல் மட்டும் வெளிறித் தெரிகிறது. உள் அறைகள் போரம்வுட் ஸ்டூடியோவில் போட்ட செட். பொதுவாக விளக்கு மாட்டும் வசதிக்காக செட்டுக்கு மேற்கூரை போடமாட்டார்கள். இங்கே கூரை போட்டுத்தான் எடுத்தார்கள். எந்தப் பக்கம் கேமரா திரும்பினாலும் தலைக்கு மேல் கூரை இறங்கி வருகிறது. அதே நேரம் அறைகளில் இருட்டு மூலை கிடையாது. எல்லா இடத்திலும் விளக்கு எரிகிறது, பூ வேலைப்பாடு நிறைந்த சுவர், கனத்த திரைச்சீலை, கண்ணாடி. இவ்வளவு வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ள இடம் எங்கே என்று நாம் தேட ஆரம்பிக்கிறோம். தேட ஆரம்பித்தால் மாட்டினோம்.

வளைகிற கதவு இந்தப் படத்தின் பெயர் சொல்லும் காட்சி. நான்கு பேரும் கூடத்தில் அடைந்து கிடக்கிறார்கள். பூட்டிய கனமான மரக்கதவு, வெளியிலிருந்து எதுவோ சாய்ந்து அழுத்துவது போல, நடுவில் உள்பக்கமாகப் புடைக்கிறது. பிறகு தளர்கிறது. மறுபடியும் புடைக்கிறது. மூச்சு விடுகிற நெஞ்சு மாதிரியே இருக்கும், எனக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மெல்லிய மரத் தகடுகளை ஒட்டிச் செய்த கதவு, பின்னால் ஒரு ஆள் நின்று தள்ளினான், இவ்வளவுதான் தந்திரம். தந்திரம் தெரிந்த பிறகும் பயம் குறைவதில்லை. அந்த ஆள் நிஜமாகவே தள்ளினான், மரம் நிஜமாகவே வளைந்தது. கம்ப்யூட்டரில் செய்ததாக இருந்தால் கண் இதற்குள் கண்டுபிடித்திருக்கும்.

என் ஓட்டு அந்தக் கதவுக்குக் கிடையாது. கைக்குத்தான். இன்னொரு ராத்திரி, இருட்டில் எலினார் படுத்திருக்கிறாள். சுவருக்கு அப்பால் ஒரு ஆண்குரல் முணுமுணுக்கிறது, வார்த்தை புரியவில்லை, ஜெபம் மாதிரியும் இருக்கிறது, திட்டுவது மாதிரியும் இருக்கிறது. நடுவில் ஒரு குழந்தை அழுகிறது. கேமரா சுவரில் உள்ள இலைக்கொடி வேலைப்பாட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்கப் பார்க்க அதில் ஒரு கண் தெரிகிறது, வாய் தெரிகிறது. எதையும் மாற்றவில்லை, வெளிச்சம் விழுகிற கோணம் மட்டும்தான். தியோவின் கையைப் பிடித்துக்கொண்டு எலினார் பொறுத்துக்கொள்கிறாள். தியோ இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாளே என்றுகூட நினைக்கிறாள். குழந்தையைத் துன்புறுத்துவதை மட்டும் தாங்க முடியாமல் கத்திவிடுகிறாள். விளக்கு எரிகிறது. தியோ அறையின் அந்தக் கோடியில் தன் கட்டிலில் தூக்கத்திலிருந்து எழுகிறாள். எலினார் தன் கையைப் பார்க்கிறாள். இவ்வளவு நேரம் அவள் பிடித்திருந்தது யார் கையை?

ராத்திரியில் பயந்த நோயாளிகள் கையைப் பிடிப்பார்கள். அது யார் கை என்பது அவர்களுக்கு முக்கியம் இல்லை. நானா, மகளா, எப்போதோ போன அம்மாவா என்று பார்க்கமாட்டார்கள், ஒரு கை வேண்டும். எலினாருக்கும் அன்றைக்கு ஒரு கை கிடைத்தது, கொஞ்ச நேரம் தைரியமும் கிடைத்தது. அது பொய் என்று தெரிந்த பின்னால் அவளுக்கு வருகிற அருவருப்பு இருக்கிறதே, அதற்குள் ஒரு ஏமாற்றமும் ஒளிந்திருக்கிறது. ஜூலி ஹாரிஸ் இரண்டையும் ஒரே முகத்தில் காட்டுகிறார். படப்பிடிப்பு நாட்களில் அவர் நிஜத்திலேயே மன அழுத்தத்தில் இருந்தார், மற்ற நடிகர்களோடு சேராமல் ஒதுங்கியே இருந்தார் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். திரையில் அந்த ஒதுக்கம் அப்படியே இருக்கிறது. நான்கு பேர் சிரிக்கிற காட்சியிலும் அவர் சிரிப்பு அரை நொடி தாமதமாகத்தான் வரும்.

நான் இந்தப் படத்திடம் திரும்பத் திரும்பப் போவது சத்தத்துக்காகவும் லென்ஸுக்காகவும் மட்டும் இல்லை. ஒரு காலையில் தாழ்வாரச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது: எலினார் வீட்டுக்கு வர உதவுங்கள். எல்லோரும் பதறுகிறார்கள். எலினாரும் பதறுகிறாள், அழுகிறாள். ஆனால் அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு வீடு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. அக்கா கூப்பிட்டது வேலைக்கு, அம்மா கூப்பிட்டது மாத்திரைக்கு. இந்த வீட்டுக்கு வேண்டியது அவள்தான். அந்த இடத்திலிருந்து, ஓடிப்போ என்று அவளிடம் சொல்ல நமக்கு வாய் வராது. எங்கே ஓடுவாள்? அந்த சோபாவுக்கா? பேய் வீட்டிலிருந்து தப்பிக்கத் துடிக்கிறவர்களைப் பற்றி ஆயிரம் படம் உண்டு. அங்கேயே இருக்கட்டுமே என்று பார்க்கிறவனையும் ஒரு கணம் நினைக்க வைப்பது இது ஒன்றுதான் நான் பார்த்ததில். முடிவைச் சொல்லமாட்டேன். படத்தின் தொடக்கத்தில் டாக்டரின் குரல் சொல்லும் வாக்கியத்தையும், கடைசியில் வருகிற வாக்கியத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

க்ளேர் ப்ளூமின் தியோவுக்குத் தனியாக ஒரு சபாஷ். மற்றவர் மனசைப் படிக்கக்கூடியவள், நல்ல உடை, கூரான நாக்கு. அவளுக்குப் பெண்கள் மேல்தான் நாட்டம் என்பதை 1963-இல் வெளிப்படையாகச் சொல்ல முடியாது, ஆனாலும் படம் மறைக்கவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. எலினார்தான் கோபத்தில் அவளை இயற்கையின் தவறு என்கிற அர்த்தத்தில் குத்திவிடுகிறாள். கேட்டதும் தியோவின் முகம் மாறுவதைப் பாருங்கள். நமக்குப் பிடித்துப்போன எலினாரிடமும் விஷம் உண்டு என்று காட்ட அந்த ஒரு வரி போதும். வேலைக்காரி டட்லியாக வரும் ரோசலி க்ரட்ச்லிக்கு மொத்தமே சில நிமிடம்தான். ராத்திரியில் நாங்கள் யாரும் இங்கே இருக்கமாட்டோம், கூப்பிட்டாலும் கேட்காது, என்று ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்து, ‘ராத்திரியில், இருட்டில்’ என்று முடித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பாள். தியோவிடமும் அதே பாட்டு. எனக்குத் தெரிந்த ஒரு மூத்த நர்ஸ் ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளிகளிடம் இதே குரலில்தான் பேசுவார்.

குறை இல்லாமல் இல்லை. வீட்டுக்கு வாரிசாக வரும் லூக்குக்குக் கொடுத்த ஜோக்குகள் அந்தக் காலத்திலேயே சிரிப்பு வரவழைத்திருக்குமா என்பது சந்தேகம். ரஸ் டாம்ப்ளின் பாவம், என்ன செய்வார். டாக்டர் சில இடங்களில் வகுப்பு எடுக்கிறார். எலினாரின் மனக்குரல் தேவைக்கு மேல் பேசுகிறது. ஹாரிஸின் முகத்திலேயே தெரிந்துவிட்ட விஷயத்தைக் குரல் வந்து மறுபடி சொல்லும்போது எனக்கு எரிச்சலாக வரும், வைஸ் தன் நடிகையை இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கலாம். கடைசிப் பகுதியில் திடீரென்று வந்து சேரும் டாக்டரின் மனைவி, கதைக்கு ஒரு திருப்பம் தேவைப்பட்டதால் வந்தவள்போலவே இருக்கிறாள். ஆனால் நூலகத்தின் ஆட்டம் காணும் சுழல் படிக்கட்டு அவள் விஷயத்தை மறக்கடித்துவிடும். கைப்பிடிக் கம்பியையே தண்டவாளமாக வைத்துக் கேமராவை ஓடவிட்டு எடுத்த ஷாட் அதில் இருக்கிறது. உயரம் என்றால் பயப்படுகிறவர்கள் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

மூலக்கதை ஷர்லி ஜாக்சன் 1959-இல் எழுதிய நாவல். திரைக்கதை எழுதிய நெல்சன் கிடிங், இது ஒரு பெண்ணின் மனச்சிதைவுக் கதைதானே, வீடே மனநல மருத்துவமனையாக இருக்கலாமே என்று யோசித்து, நாவலாசிரியையிடமே போய்க் கேட்டிருக்கிறார். நல்ல யோசனை, ஆனால் நான் எழுதியது அமானுஷ்யத்தைப் பற்றித்தான் என்று சொல்லிவிட்டாராம் ஜாக்சன். கிடிங் அதை ஏற்றுக்கொண்டே எழுதினார். இருந்தாலும் அந்தப் பழைய சந்தேகம் படத்துக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. மனசா, வீடா என்று நானும் ஒவ்வொரு தடவையும் கட்சி மாறிக்கொண்டிருக்கிறேன். ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி தனக்கு மிகவும் பயம் தந்த படங்களைப் பட்டியல் போட்டபோது இதற்குத்தான் முதல் இடம் கொடுத்தார்.

யார் பார்க்கலாம்? பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தூக்கிவாரிப்போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. முதல் அரை மணி நேரம் மெதுவாகத்தான் போகும், அதற்குள் எழுந்துவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். நீண்ட நாள் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்து, சமீபத்தில் பறிகொடுத்தவர்கள் கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள். இது நர்ஸாகச் சொல்வது. மற்றவர்கள் போனில் பார்க்காதீர்கள், அகலத்திரைக்கு எடுத்த படம், அந்தச் சின்னச் சட்டத்தில் சுவர்கள் வளைவதே தெரியாது. பெரிய திரையும் நல்ல ஹெட்போனும் இருந்தால் போதும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஹெட்போன்.

1999-இல் இதே பெயரில் யான் டி போன்ட் எடுத்த படமும் கிடைக்கும், தேடும்போது மாறிப்போக வாய்ப்பு உண்டு, வருஷத்தைப் பார்த்து எடுங்கள். அதில் வீடே எழுந்து ஆடும், சிலைகள் கையை நீட்டும், பேய் முழு உருவத்தோடு வந்து நிற்கும். லீயம் நீசன் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அதை ஏற்கெனவே பார்த்துவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம், பழைய படத்தில் உங்களுக்காக வைத்திருக்கிற எதையும் அது கெடுத்துவிடவில்லை.